வெளிறிய படம்

இன்று கிளிநொச்சியில் ஒரு தாய் மடியில் ஏந்தியிருந்த மகனின் படத்தில் முகம் வெயிலில் முற்றாக வெளிறியிருந்தது. சட்டைப் பொத்தான்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன.

2017 பெப்ரவரியில் கந்தசுவாமி கோவில் முன்றலில் அமர்ந்த நாள் முதல் இந்தத் தாய்மார் கேட்பது, போரின் இறுதியில் தங்கள் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே என்பதைத்தான். காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. பதில் வரவில்லை. பெற்றோர் பலர் அதை அறியாமலே இறந்துவிட்டனர்.

தெற்கில் 1987–89 ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளைத் தொலைத்த சிங்களத் தாய்மாரும் இதே கேள்வியோடுதான் வாழ்கிறார்கள். அதை நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

2009இல் துப்பாக்கிகள் ஓய்ந்ததைச் சமாதானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமிழ்ப் பகுதிகளுக்கு அதிகாரம் பகிரப் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் 1957இல் கைச்சாத்திட்ட பண்டா–செல்வா ஒப்பந்தம் மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டது. மாகாண சபைகளை உருவாக்கிய, அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் ஏட்டில் தந்த காணி, பொலிஸ் அதிகாரங்கள் முழுமையாக மாகாணங்களின் கைக்கு வரவேயில்லை. வடக்கில் மாகாண சபைத் தேர்தல் கடைசியாக நடந்தது 2013இல்.

அந்தத் தேர்தலை நடத்தவும், சரணடைந்தோரின் பட்டியலை வெளியிடவும் புதிய அரசியலமைப்பு வரும்வரை எந்த அரசும் காத்திருக்க வேண்டியதில்லை.