முதல் நாள், முதல் மணித்தியாலம்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஒரு பையன் கட்டட வேலைக்குச் சேரும் விதம் எல்லோரும் அறிந்ததே. ஓ.எல். முடிந்திருக்கும், அல்லது பாதியில் நின்றிருக்கும். ஊர் மேசன் பாஸ் ஒருவர், "நாளைக்குக் காலம்பற வா மனே" என்று சொல்லியிருப்பார். ஏழரைக்கு வந்தவன் கையில் தாச்சியும் மண்வெட்டியும் கொடுக்கப்படும். எட்டு மணிக்கு அவன் குழிக்குள் நிற்பான், காலில் ரப்பர்ச் செருப்போடு.

பாலம், ஆஸ்பத்திரிக் கட்டடம் போன்ற பெரிய வேலைகளில் முதல் நாள் பாதுகாப்பு வகுப்பு நடக்கும். ஆனால் அங்கே காட்டும் படங்களில் வானளாவிய கிரேன் இருக்கும், இருபது மாடி இருக்கும். இறுதியில் எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்து வைப்பார்கள். கையெழுத்து வைத்தவன் மறுநாள் இறங்குவது கல்லடி ஊர் மணலில் தோண்டிய ஆறடிக் குழிக்குள். அந்தக் குழியைப் பற்றி வகுப்பில் ஒரு சொல்லும் வந்திருக்காது.

கட்டாருக்கும் டுபாய்க்கும் போய்வந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அங்கே ஹெல்மெட் இல்லாமல் வாசல் தாண்ட விடமாட்டார்கள். அதே ஆள் ஊருக்கு வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுந்தலையோடு இரண்டாம் தட்டுக்கு ஏறுகிறார். அவருக்கு அறிவு போதாது என்று சொல்ல முடியாது. அங்கே கேட்பதற்கு ஒருவர் நின்றார், இங்கே யாரும் கேட்பதில்லை. ஆரம்பப் பயிற்சி என்பது இந்த மண்ணிலும் இந்தக் கிணற்றிலும் இந்த வயரிலும் இருந்து தொடங்க வேண்டும், அதுவும் வேலை தொடங்குவதற்கு முன்னுள்ள முதல் மணித்தியாலத்தில். ஹெல்மெட்டுக்குப் பிறகு வரலாம்.

முதலில் மணல். எழுவான்கரை முழுவதும் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் திடல். காலையில் தோண்டும்போது குழியின் சுவர் வெட்டிய பாண் போல நேராக நிற்கும். அதைப் பார்த்துத்தான் பழகிய மேசனும் ஏமாறுகிறார். மணலை நிறுத்தி வைத்திருப்பது அதிலுள்ள ஈரம். மணல்மணிகளுக்கிடையே ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்தான் பசை. பத்து மணி வெயிலில் மேல்விளிம்பு காய்ந்ததும் பசை போய்விடும். மறுபக்கம், அடியில் நீர் ஊறி மணல் முழுக்க நனைந்தாலும் அதே கதிதான். மாரியில் சில அடியிலேயே தண்ணீர் வந்துவிடுவதால் மேலே காய்வதற்கு முன் கீழே கரைந்துவிடும். ஒரு கியூப், அதாவது நூறு கன அடி, மணல் நாலரைத் தொன் அளவு வரும். நெஞ்சுவரை மூடினாலே போதும். மூச்சை விடும்போது நெஞ்சு சுருங்கும், அந்த இடத்தை மணல் பிடித்துக்கொள்ளும், திரும்ப விரிய விடாது.

ஆகவே புதியவனுக்குச் சொல்லவேண்டியவை கையில் எண்ணக்கூடியவை. நாலடிக்கு மேல் ஆழமான குழியில், பலகை முட்டுக் கொடுக்காமலும் பக்கங்களைச் சரிவாக வெட்டாமலும் இறங்காதே. மணலில் சரிவென்றால் ஓரடி ஆழத்துக்கு ஒன்றரை அடி அகலம் வெட்டவேண்டும். காணி சிறிதென்றால் முட்டுத்தான் வழி. வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளிப் போடு. டிராக்டரும் மிக்சரும் விளிம்புக்கு வரக்கூடாது. ஏணி குழிக்குள் எப்போதும் நிற்கவேண்டும். தனியே இறங்கக்கூடாது. யாராவது புதைந்தால் கயிறு கட்டி இழுக்காதீர்கள், முதுகெலும்பு போய்விடும். ஜேசிபியாலும் அள்ளக்கூடாது. முகத்தையும் நெஞ்சையும் கையால் முதலில் விடுவியுங்கள். அதற்கும் முன்னால், மீதிச் சுவர் அடுத்தவர்மேல் விழாதபடி பலகை வையுங்கள்.

இரண்டாவது, கிணறு. இதைப்பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் கிணறுகள் ஆழம். மேலே வைத்த பெற்றோல் பம்ப், நடைமுறையில் இருபது இருபத்தைந்து அடிக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சாது. அது மெசினின் குறையல்ல, காற்றழுத்தத்தின் எல்லை. இதனால்தான் பம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். அதன் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. சில நிமிடத்தில் தலை சுற்றும், கால் சோரும், பிறகு நினைவிராது. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறை, ஒட்சிசன் குறைந்திருந்தால் காட்டிக்கொடுக்கும். இந்த வாயுவைக் காட்டாது. விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்க மனிதன் விழுவான். மலசலகூடக் குழியில் இன்னொரு வாயு: அழுகிய முட்டை மணம் வரும், கூடினால் அந்த மணமே மூக்குக்குத் தெரியாமல் போகும். மணம் நின்றுவிட்டது என்று எண்ணி இறங்குவது அங்கேதான்.

எஞ்சின் எதுவும் கிணற்றுக்குள்ளோ குழிக்குள்ளோ இறங்கக்கூடாது. ஆழம் கூடவென்றால் நீரில் அமிழும் மின்பம்பைப் பாவியுங்கள், அது ஓடும்போது ஆள் உள்ளே நிற்கக்கூடாது. இறங்குபவர் இடுப்பிலல்ல, உடம்பைச் சுற்றிய பட்டியில் கயிறு போட்டு, மேலே இரண்டு பேர் பிடித்திருக்க இறங்கவேண்டும். அண்ணன் விழுந்தான் என்று தம்பி இறங்குவதும், தம்பியைத் தூக்க மச்சான் இறங்குவதுமே ஒரு சாவை மூன்றாக்குகிறது. அந்த நிமிடத்தில் பாசம் காலை உள்ளே இழுக்கும் என்பதை அறிந்துதான், முதல் நாளே அமைதியாக இருக்கும்போது இதைச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது கரண்ட். பிளக் இல்லாத வயரின் இரு நுனியையும் சொக்கெட்டில் விட்டு நெருப்புக்குச்சியால் இறுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வேலிமேலாக இழுத்த வயர், நடுவில் ரேப் சுற்றிய மூட்டு, அதன்கீழ் மழைத்தண்ணீர். கரண்ட் கசிந்தால் தானே நிறுத்தும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் கிரைண்டரையோ கொங்கிறீட் வைபிறேற்றரையோ ஓட்டவே கூடாது. அந்தச் சுவிட்சில் T என்றொரு பொத்தான் இருக்கிறது. காலையில் அதை அழுத்தினால் சுவிட்ச் விழுந்து கரண்ட் நிற்கவேண்டும். விழாவிட்டால் அது வெறும் பெட்டி. இதைச் சொல்வதைவிட ஒவ்வொரு பையனையும் ஒருமுறை அழுத்தச் செய்வது நல்லது.

கிரைண்டரில் இன்னொன்று. நாலரை அங்குல மெசினின் காவல் தகட்டைக் கழற்றிவிட்டு ஏழு அங்குலத் தட்டைப் பூட்டுகிறார்கள். சிறிய மெசின் நிமிடத்துக்கு 11,000 சுற்றுச் சுற்றும், ஏழு அங்குலத் தட்டின் எல்லையோ 8,500. தட்டு சிதறுவதற்கு இதற்குமேல் காரணம் வேண்டியதில்லை.

காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊர்களில் மேல்தட்டு வீதிப்பக்கம் நீண்டு, மின்கம்பிக்கு அருகே போய்விடுகிறது. இருபதடிக் கம்பியை மேலே ஏற்றித் திருப்பும்போது, தூக்குபவரின் கண் கைப்பக்க நுனியில்தான் இருக்கும், மறுநுனியில் இருக்காது. கீழே ஒருவர் அந்த நுனியை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். மின்கம்பியிலிருந்து பத்தடிக்குள் கம்பியோ ஏணியோ அலுமினியச் சட்டமோ வரக்கூடாது. வீட்டுக்காரர் அவசரப்படுத்தினாலும் சரி, மின் விநியோக அலுவலகத்துக்கு அறிவித்து நிறுத்தச் செய்தபிறகே வேலை.

ஏறி நின்று வேலை செய்யக் கம்பும் பலகையும் கொண்டு கட்டும் சாரத்துக்கு வருவோம். மணலில் ஊன்றிய கம்பு பாரம் ஏறியதும் இறங்கும், ஒவ்வொன்றின் கீழும் பலகைத் துண்டு வேண்டும். தும்புக் கயிறு மழையில் இறுகும், காய்ந்ததும் தளரும். மழை விட்ட மறுநாள் எல்லா முடிச்சையும் இழுத்துப் பார்க்காமல் ஏறாதீர்கள். ஒன்றரை அங்குலப் பலகைக்கு ஐந்தடிக்கு ஒரு தாங்கு. நுனி தாங்கைத் தாண்டி நீளலாம், ஆனால் ஆறங்குலத்துக்கு மேல் வேண்டாம். அதற்குமேல் நீண்டால் மிதித்ததும் மறுபக்கம் எழும்பும். இடுப்புயரக் கைப்பிடி இல்லாத சாரம் பாதிதான் கட்டி முடிந்த சாரம்.

சேப்டி பெல்ட் வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்ததென்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் பார்க்கவேண்டும். ஆறடிக் கயிறு, அதிர்ச்சி தாங்கும் மடிப்பு விரியும் நாலடி, ஆளின் உயரம் எல்லாம் கூட்டினால் பதினைந்தடிக்கு மேல் வெற்றிடம் தேவை. நம் வீடுகளில் ஒரு தட்டு பத்தடி. கால்மட்டத்தில் கொளுவினால் இன்னும் மோசம். கயிறு குறுகியதாயும், கொளுவும் இடம் தலைக்கு மேலும் இருக்கவேண்டும்.

பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டின்மேல் நேரே கால் வைக்கக்கூடாது. அது தாங்குவதுபோல் காட்டிச் சட்டென்று உடையும். மரச்சட்டங்களுக்குக் குறுக்கே பலகை போட்டே நகரவேண்டும். அந்தச் சீட்டை வெட்டுவதும் உலர்ந்தபடி உரசுவதும் நுரையீரலுக்குக் கேடு.

ஈரச் சீமெந்து கடுமையான காரம். பட்டவுடன் வலிக்காது என்பதே அதன் சூது. கொங்கிறீட்டில் முழங்காலூன்றி வேலை செய்தவனுக்குத் தோல் வெந்திருப்பது மாலையில்தான் தெரியவரும். சப்பாத்துக்குள் புகுந்தால் உடனே கழற்றி, ஓடும் நீரில் இருபது நிமிடம் கழுவவேண்டும். கண்ணில் பட்டாலும் அப்படியே, பிறகு நேரே ஆஸ்பத்திரி.

கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் இருபது நிமிடத்துக்கு ஒரு கோப்பை தண்ணீர், தாகமில்லாவிட்டாலும். ஒருவன் பேச்சுக் குழறினால் நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றுங்கள். "கொஞ்சம் இருந்தால் சரிவரும்" என்று விடாதீர்கள்.

இவற்றையெல்லாம் கேட்டபிறகும் பையன் குழிக்குள் இறங்குவான், பாஸ் சொன்னால். மிகக் கடினமான பாடம் இதுதான், அது பாஸுக்கான பாடம். எல்லோர் முன்னிலையிலும் அவரே, "முட்டில்லாட்டி இறங்காத மனே, நான் சொன்னாலும் இறங்காத" என்று சொல்லவேண்டும். நானா என்றும் அண்ணன் என்றும் மரியாதையோடு அழைக்கும் ஒருவரிடம் முடியாது என்று சொல்ல, அவரே முன்கூட்டி அனுமதி கொடுத்திருந்தால்தான் பதினெட்டு வயதுக்காரனுக்கு வாய் வரும்.

அன்று காலையே கொப்பியொன்றில் அவன் பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டுத் தொலைபேசி, திகதி எல்லாம் பதியப்படவேண்டும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், கொந்தராத்துக்காரரின் தொழிலுக்காக வேலை செய்பவரை நாட்சம்பளக்காரர் என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடுவதில்லை. ஆனால் அன்று அவன் அங்கே வேலை செய்தான் என்று காட்ட ஒரு வரியாவது எழுத்தில் வேண்டும்.

கடைசியாக, 1990 என்ற தொலைபேசி இலக்கம். இலவச அம்புலன்ஸ் என்பது தெரிந்தும், இடம் சொல்லத் தெரியாமல் தடுமாறுகிறார்கள். புதுக்காணிக்கு இலக்கம் இருக்காது. பிரதான வீதியிலிருந்து எத்தனையாவது குறுக்கு, பக்கத்தில் எந்தக் கோயில் அல்லது பள்ளிவாசல் என்பதைப் பெரிய எழுத்தில் தமிழிலும், சிங்களத் தொழிலாளர் இருந்தால் சிங்களத்திலும் எழுதித் தண்ணீர்ப் பானைக்கு மேலே தொங்கவிடுங்கள், எல்லோரும் தினமும் வந்து நிற்கும் இடம் அதுதான். ஒவ்வொருவரையும் அதை ஒருமுறை உரக்க வாசிக்கச் செய்யுங்கள். அழைப்பு எடுத்ததும் சந்திக்கு ஓடி வண்டியை மறித்துக் கூட்டிவருவது யார் என்பதையும் அப்போதே தீர்மானித்துவிடுங்கள்.