தளம் போடும் நாளுக்கு முந்தைய சாயங்காலம்

கான்கிரீட் போடும் அன்று சைட்டில் சத்தம் அதிகமாக இருக்கிறதென்றால், முந்தின நாள் சாயங்காலம் யாரோ சீக்கிரம் கிளம்பியிருக்கிறார்கள் என்று பொருள். காலை ஏழு மணிக்கு மிக்சர் ஓடத் தொடங்கிவிட்டால் பிறகு எதையும் திருத்த முடியாது. இருபது பேர் கூலி, வாடகை மெஷின், மதியம் வீட்டுக்காரர் போடும் பிரியாணி என்று எல்லாமே வேலையை முன்னால் தள்ளும். அந்த நேரத்தில் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியை ஷீட்டிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) இல்லை என்று ஒருவர் கண்டுபிடித்தால் அவரைத்தான் எல்லோரும் முறைப்பார்கள். அக்கறை என்பதை மனசு சார்ந்த விஷயமாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். சைட்டில் அது பெரும்பாலும் நேரம் சார்ந்த விஷயம்.

சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதலில் மேலே ஏறாமல் கீழே போக வேண்டும். கான்கிரீட் ஊற்றும் தகடான சென்ட்ரிங் ஷீட்டைத் தாங்கும் சவுக்கு முட்டுகள் வெறும் மண்ணில் நிற்கின்றனவா, பலகை மேல் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பலகை இல்லாத முட்டு அன்று நன்றாகத்தான் நிற்கும். மறுநாள் மேலிருந்து ஒழுகும் தண்ணீரில் மண் ஊறி முட்டு அரை அங்குலம் இறங்கும், தளமும் கூடவே இறங்கும். அப்புறம் பூச்சு வேலையில் அதை மட்டம் காட்டச் சிமென்ட் அப்புவார்கள்.

பிறகு கம்பி. அடிக் கம்பிக்குக் கீழே 20 எம்.எம். கவர் பிளாக், ஒரு மீட்டருக்கு ஒன்றாவது. ஜல்லித் துண்டையோ ஓட்டுச் சில்லையோ வைப்பது பழக்கமாகிப்போன தவறு. வைப்ரேட்டர் (கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் மெஷின்) வைத்ததும் அது உருண்டு போகும், கம்பி ஷீட்டிலேயே படுத்துவிடும். நாலைந்து வருடம் கழித்து அந்த இடத்தில்தான் துருக்கோடு தெரிந்து சிமென்ட் பெயரும். கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்தான் கவர்; பில்லருக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 என்பது பொதுவாக எல்லோருக்கும் தெரியும். கடற்கரை ஓரம் என்றால் இந்தக் கணக்கே வேறு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 (2000) அங்கே 45 எம்.எம். கவரும் எம்-30 கலவையும் (எண் கூடக் கூட பலம் கூடும்) கேட்கிறது. உள்ளூர் மேஸ்திரியின் கைக்கணக்கு அங்கே உதவாது.

அடிக் கம்பியைவிட மேல் கம்பிக்குத்தான் ஆபத்து அதிகம். பீமுக்கு மேலே தளத்தின் இழுவிசை மேல்பக்கம் வரும், அதனால் அங்கே கம்பியும் மேலே இருக்க வேண்டும். 125 எம்.எம். தளம், 20 எம்.எம். கவர், 10 எம்.எம். கம்பி என்றால், கம்பியின் நடுவிலிருந்து தளத்தின் அடிப்பக்கம் வரை 100 எம்.எம். கிடைக்கும். தளத்தின் பலம் இந்த ஆழத்தைப் பொறுத்தது. பாண்டு (கலவைச் சட்டி) தூக்கி வருகிற ஆட்கள் அந்தக் கம்பியை மிதித்து மிதித்து ஓர் அங்குலம் இறக்கிவிட்டால் 100 என்பது 75 ஆகிறது. கம்பி குறையவில்லை, சிமென்ட் குறையவில்லை, கால் பங்கு பலம் மட்டும் போய்விட்டது. பால்கனியிலும் சன்ஷேடிலும் இது இன்னும் மோசம், அங்கே தாங்குவதே மேல் கம்பிதான். எனவே ஒரு மீட்டருக்கு, மேல் கம்பியைத் தாங்க வளைத்து வைக்கும் ஒரு நாற்காலிக் கம்பி, ஆட்கள் நடக்கத் தனியாகப் பலகைப் பாதை. பலகை போட்டால் மிதிக்காதே என்று கத்த வேண்டியதில்லை. கத்தினாலும் தலையில் பாண்டு வைத்திருப்பவருக்குக் கால் எங்கே படுகிறது என்று தெரியவா போகிறது.

இனி தண்ணீர். "சார், கலவை ஓடல சார், ஒரு வாளி விடச் சொல்லுங்க" என்ற குரல் பத்து மணிக்குள் வந்துவிடும். எம்-20 கலவைக்கு ஒரு மூட்டைக்கு 27.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம், அதாவது தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.55. இன்னும் 5 லிட்டர் சேர்த்தால் அது 0.65 ஆகும். பலத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். இதைச் சொல்லி மறுப்பது எளிது. ஆனால் மறுத்துவிட்டு நாம் அந்தப் பக்கம் போனதும் வாளி உள்ளே போகும். கேட்டவருக்கு வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான். கலவை ஏன் ஓடவில்லை என்று பார்ப்பதே உருப்படியான வழி.

காரணம் பல சமயம் மணலில் இருக்கும். இரவு மழையில் நனைந்த மணல் உப்பும். அளவுப் பெட்டி 40 × 35 × 25 செ.மீ., அதாவது 35 லிட்டர், ஒரு மூட்டைச் சிமென்ட்டுக்குச் சமம். 1 : 1½ : 3 என்றால் சிமென்ட் ஒரு மூட்டைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, முக்கால் அங்குல ஜல்லி மூன்று பெட்டி. மணல் 25 சதவீதம் உப்பியிருந்தால் ஒன்றரைப் பெட்டியில் உண்மையில் இருப்பது 1.2 பெட்டி மணல்தான். மணல் குறைந்த கலவையில் ஜல்லி முரண்டு பிடிக்கும், கரண்டிக்கு இழுபடாது. உடனே தண்ணீர் கேட்பார்கள். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். ஒரு நேர்வாட்டமான டப்பாவில் 20 செ.மீ. உயரத்துக்கு ஈர மணலைத் தளர்வாகப் போட்டு, முழுக்க மூழ்கும்படி தண்ணீர் ஊற்றிக் கிளறி அமரவிட்டால் 16 செ.மீ.க்கு இறங்கும். 4-ஐ 16-ஆல் வகுத்தால் 25 சதவீதம். மணல் பெட்டியை அந்த அளவுக்குக் கூட்ட வேண்டும். அந்த மணல் தன் ஈரத்திலேயே, 5 சதவீதம் என்றால், மூட்டைக்கு நாலு லிட்டர் தண்ணீரையும் கொண்டுவருகிறது. அதை 27.5-இல் கழிக்காவிட்டால், யாரும் கேட்காமலேயே தண்ணீர் கூடிவிடும்.

மிக்சரை இரண்டு நிமிடம் சுற்றவிடாமல் ஒரு நிமிடத்தில் கொட்டினாலும் கலவை ஓடாது. வைப்ரேட்டர் ஊசி (கான்கிரீட்டுக்குள் இறக்கும் அதன் முனை) ஒன்றே ஒன்று இருந்து அதுவும் மக்கர் செய்தாலும் அதே கதைதான், கெட்டிக் கலவையைக் கரண்டியால் குத்தி இறக்க யாராலும் முடியாது. ஆக, தண்ணீர் கேட்பவர் சோம்பேறி என்று முடிவு கட்டுவதற்கு முன் மணல், நேரம், மெஷின் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். இரண்டாவது ஊசி ஒன்றை வாடகைக்குச் சொல்லிவைப்பதும் முந்தின நாள் வேலைதான்.

ஊசியை ஓர் அடிக்கு ஓர் இடமாக நேராக இறக்கி, பத்துப் பதினைந்து விநாடியில் மெதுவாக எடுக்க வேண்டும். வேகமாக உருவினால் ஓட்டை அப்படியே நிற்கும். ஊசியால் கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டு போவது தவறு, ஜல்லி ஓரிடத்தில் தங்கிவிடும், சிமென்ட் பால் ஓடிவிடும். பில்லரின் அடியில் தேன்கூடு போல ஓட்டை விழுவதற்கு உயரத்திலிருந்து கொட்டுவதும் ஒரு காரணம், பலகைக்கடியில் இருக்கிற இடைவெளி இன்னொரு காரணம். அந்த வழியாகச் சிமென்ட் பால் கசிந்து வெறும் ஜல்லி மிஞ்சும். பலகை பிரித்த அன்றே கொத்தனார் ஒரு கரண்டி சாந்தை அங்கே தேய்த்து மூடிவிடுவார். அவரைத் திட்டினால் அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் மூடுவார். மூடாமல் காட்டினால் திட்டு கிடைக்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு பெரிய உதவி. 1,000 சதுர அடித் தளம், 125 எம்.எம். கனம் என்றால் சுமார் 11.6 கன மீட்டர். இந்த விகிதத்தில் கன மீட்டருக்கு எட்டு மூட்டை, பீம் நீங்கலாக 93 மூட்டை. தளம் போட்டு முடித்த சாயங்காலம் காலிச் சாக்கை எண்ணிப் பார்த்து 80-தான் இருக்கிறதென்றால், கனம் குறைந்திருக்கிறது அல்லது சிமென்ட் குறைந்திருக்கிறது. இரண்டுமே தெரிய வேண்டிய செய்திதான்.

பலம் சோதிக்க வார்க்கும் 150 எம்.எம். கியூப்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரிசோதனைக்கு என்று தெரிந்து அந்த ஒரு கலவையில் மட்டும் தண்ணீரைக் குறைத்து, பார்த்துப் பார்த்துக் குத்தி, தொட்டியில் 28 நாள் மூழ்கவைத்து எடுக்கிறார்கள். ரிப்போர்ட் பிரமாதமாக வரும். அதே 28 நாளில் பில்லர் வெயிலில் வெந்துகொண்டிருக்கும். முன்கூட்டிச் சொல்லாமல் ஏதோ ஒரு மிக்சர் கலவையைக் காட்டி "இதில் எடுங்கள்" என்று கேட்டால்தான் கியூப் உண்மை பேசும்.

தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது கண்ணுக்குத் தெரிகிற வேலை, அதனால் நடந்துவிடும். அதற்கு முன்னால், மேல்பரப்பு தேய்த்து முடித்த முதல் சில மணி நேரம்தான் கைவிடப்படுகிறது. காற்றும் வெயிலும் சேர்ந்தால் மேல்தோல் உலர்ந்து மயிரிழை வெடிப்பு ஓடும். பாலித்தீன் ஷீட்டோ ஈரச் சாக்கோ உடனே மூடினால் தப்பிக்கலாம்.

பில்லருக்கு இந்தக் கவனிப்புகூடக் கிடைப்பதில்லை. சாக்கு சுற்றி காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை ஹோஸ் பிடிப்பார்கள். மதியம் இரண்டு மணிக்குப் போய் அந்தச் சாக்கைத் தொட்டுப் பார்த்தால் மொறமொறவென்று இருக்கும். சாதாரண சிமென்ட்டுக்கே குறைந்தது ஏழு நாள் ஈரம் வேண்டும், வறண்ட வெயில் காலத்தில் பத்து. சாம்பல் கலந்த பி.பி.சி.க்கு பதினான்கு நாள் கொடுப்பது நல்லது, இன்று மூட்டையில் வருவது பெரும்பாலும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை சைட்டுக்கு யாரும் வர மாட்டார்கள், அன்று தண்ணீர் விடப்போவது யார் என்று சனிக்கிழமையே பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். வாட்ச்மேன் என்றால், மோட்டார் சாவி அவரிடம் இருக்கிறதா என்பதையும்.

பலகை பிரித்ததும் ஒவ்வொரு பில்லரிலும் கான்கிரீட் போட்ட தேதியைச் சிவப்புப் பெயின்ட்டில் எழுதிவிடுவது நல்ல பழக்கம். பத்துப் பைசா செலவில்லை. தண்ணீர் பிடிக்கிற சித்தாளுக்கு யாரையும் கேட்காமலேயே எது நேற்றையது, எதற்கு இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று தெரிந்துவிடும்.