காத்து நல்லதுதானே அண்ணே

"மோட்டார் காத்து இழுக்குது தம்பி." எங்கள் மீன்குஞ்சுப் பண்ணையில் வேலை செய்யும் அண்ணன் சொன்னது இவ்வளவுதான். அதற்கு நான் சொன்ன பதில்தான் இன்னும் காதிலேயே நிற்கிறது: "இழுக்கட்டும் அண்ணே, குஞ்சுக்குக் காத்து நல்லதுதானே."

சொல்லிவிட்டுச் சிரித்தேன் என்றுதான் நினைவு. அவர் சிரிக்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு தாய்மீன் குளத்துப் பக்கம் போய்விட்டார்.

அன்று மேல்நிலைத் தொட்டியில் கசிவு, பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. போர் தண்ணீரை நேராகப் பொரிப்புத் தொட்டிக்குத் திருப்பலாம் என்று முடிவெடுத்தது நான். தாய்மீனுக்கு முட்டையிட வைக்கும் ஊசி போடுவதை ஒரு வாரம் தள்ளியிருக்கலாம். ஆனால் ஜூலை மாதம், குஞ்சு கேட்டு ஆட்கள் தினமும் வந்து நிற்கிறார்கள், முதலாளிக்கு நான் ஏற்கெனவே தேதி சொல்லியாயிற்று. என் இடத்தில் யார் இருந்தாலும் திருப்பித்தான் இருப்பார்கள். இதை எத்தனை முறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியாது.

முட்டை நன்றாகத்தான் பொரிந்தது. ரோகு மீன் முட்டை 14 முதல் 18 மணி நேரத்தில் பொரியும், அப்புறம் குஞ்சு மூன்று நாள் தன் வயிற்றிலிருக்கும் கருவுணவிலேயே ஓட்டும். அந்த மூன்று நாளில் நம் வேலை தண்ணீர் மட்டும்தான். இரண்டாம் நாள் காலையில் தொட்டியின் மேல்பரப்பில் ஆடை படிந்ததுபோல ஒரு வெளுப்பு. கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தேன். குஞ்சுகள் மல்லாந்து மிதந்தன. வயிற்றருகே ஊசிமுனையளவு ஒரு வெள்ளி மினுக்கம். கையை முழங்கை வரை விட்டுத் துழாவி எடுத்தபோது கைமுடியெங்கும் சின்னச் சின்னக் குமிழி ஒட்டியிருந்தது. பார்த்தேன். துடைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

விஷயம் ஒன்றும் புதிதில்லை. நிலத்தடி நீர் இறங்கினாலோ உறிஞ்சு குழாயின் ஜாயிண்ட் தளர்ந்தாலோ மோட்டார் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். பம்புக்குள் அழுத்தம் அதிகம், அதனால் வழக்கமாகக் கரைவதைவிடக் கூடுதலாகக் காற்று தண்ணீரில் கரைந்துவிடும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். திறந்த தொட்டிக்கு வந்ததும் மூடி திறந்த சோடா மாதிரி அது வெளியேறப் பார்க்கும், குஞ்சின் உடம்புக்குள்ளேயும். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் சிதறி விழும்போதே அந்த மிச்சக் காற்று போய்விடும். அந்தத் தொட்டி உயரத்துக்காக மட்டும் கட்டியது இல்லை. 1960களில் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்று அணைகளுக்குக் கீழே சால்மன் மீன்கள் இதே குமிழி நோயில் செத்ததைப் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். அணை இருந்தால்தான் வரும் என்று மனதுக்குள் பதிந்துவிட்டது போல.

இதைவிட உறுத்துவது என் நோட்டுப் புத்தகம். முதல் நாள் இரவு, ஆக்சிஜன் 8.2, வெப்பம் 30 என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் வேறு. 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜனைத் தாங்கும். அதிலும் போர் தண்ணீர் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்துதான் மேலே வரும். அந்தக் குழாயில் 8.2 என்றால் பயந்திருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். குறைந்தால்தான் ஆபத்து என்று பழகிய கண்.

மீட்டரின் சவ்வு பழசு, அதனால் கூட்டிக் காட்டியிருக்கலாம் என்பதும் உண்மை. அண்ணன் சொல்வதையெல்லாம் கேட்கிறவன் பிழைக்க முடியாது என்பதும் உண்மை. அதே சீசனில், தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் 8.5-க்கு மேல் இருந்த, குஞ்சு வளர்க்கும் நாற்றங்கால் குளத்தில் சுண்ணாம்பு போடச் சொன்னவர் அவர்தான். போட்டிருந்தால் பிஎச் இன்னும் ஏறி, இருந்த அம்மோனியா இன்னும் விஷமாகியிருக்கும். அன்று நான் மறுத்தது சரி. அதனால்தான் மோட்டார் விஷயத்திலும் காது கொடுக்கவில்லையா, இல்லை இது நான் பிற்பாடு தேடிப் பிடித்த சாக்கா?

பத்து மணிக்கு முதலாளி வந்தார். "என்னாச்சு சார்?"

"சினை சரியில்லைங்க. தாய்மீன் வீக்கு."

யோசித்துச் சொன்னதில்லை, வாயில் அதுதான் வந்தது. பொய் என்றும் சொல்லிவிட முடியாது, சினை சரியில்லாவிட்டாலும் குஞ்சு இப்படிச் சாகும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருந்தால் குமிழியா இல்லையா என்று அரை மணியில் தெரிந்திருக்கும். அதற்குள் தொட்டியைக் கழுவச் சொல்லிவிட்டேன். அண்ணன் குழாயைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் அதைச் சொல்வது இப்போது சுலபம்.

பூச்சு காய்ந்ததும் தண்ணீரை மறுபடி மேல்நிலைத் தொட்டி வழியாக விட்டோம், ஜாயிண்ட்டையும் மாற்றினேன். அடுத்த ஈடு நன்றாக வந்தது. ஆனால் அது வேறு தாய்மீன். பழையவற்றை வைத்து இன்னொரு முறை பார்த்திருந்தால் எனக்குப் பதில் கிடைத்திருக்கும்.

அதற்கு வழியில்லை. வீக்கான மீனுக்கு எதற்குத் தீனி என்று முதலாளி அந்த வாரமே அவற்றை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டார். ஏற்றியது அண்ணன்தான். பெட்டியில் ஒவ்வொன்றாக அடுக்கி ஐஸ் போட்டவர், கடைசி மீனைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்ல மீனு தம்பி" என்றார். குழம்புக்குச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.