ஓரேப் மலையில் தேவ சமுகம்

முட்செடியில் எரிந்த அக்கினி, பத்துக் கட்டளைகள், தீர்க்கதரிசி எலியா கேட்ட மெல்லிய சத்தம் எல்லாமே ஒரே மலையில் நடந்தவை. ஓரேப் என்றும் சீனாய் என்றும் வேதம் அந்த மலையை அழைக்கிறது. தேவப் பிரசன்னம் என்று பேச்செடுத்தாலே மனம் அங்கேதான் போய் நிற்கும். எகிப்தின் தென் சீனாய்க்குப் போகும் வாய்ப்பை ஆண்டவர் தந்தபோது, யாத்திராகமம் 33-ஆம் அதிகாரத்தையும் முதலாம் இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தையும் வழியெல்லாம் வாசித்துக்கொண்டே போனேன்.

வேதம் சொல்லும் மலை இதுதானா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். நான்காம் நூற்றாண்டு முதல் இதன் அடிவாரத்தில் ஜெபம் ஏறெடுக்கப்பட்டு வருகிறது. எனக்கு அது போதும்.

அங்கே வாழும் பாலைவனப் பழங்குடியினரான பதூவின் மக்கள் இதை ஜெபல் மூசா, அதாவது மோசேயின் மலை, என்கிறார்கள். உயரம் 2,285 மீட்டர். உதயத்தை உச்சியில் காண வேண்டுமானால் நள்ளிரவு கடந்ததுமே ஏறத் தொடங்க வேண்டும். ஒட்டகப் பாதை முடிகிற இடத்தில் கடைசி 750 படிகள் காத்திருக்கின்றன. ஒழுங்காகச் செதுக்கிய படிகள் அல்ல, கரடுமுரடான கற்கள். ஒரு கல் முழங்கால் உயரம், அடுத்தது ஒரு சாண். விளக்கொளியில் முன்னால் போகிறவரின் காலை மட்டும் பார்த்து ஏறினோம். குளிரில் விரல்கள் மரத்துப்போயின.

உச்சியில் 1934-இல் கட்டப்பட்ட சிறு ஆலயம் ஒன்று இருக்கிறது. அதன் சுவரோரம் போர்வைகளுக்குள் பல தேசத்து மக்கள். கிழக்கு வெளுத்தது, பாறைகள் முதலில் சாம்பல் நிறத்திலும் பிறகு செந்நிறத்திலும் தெரிந்தன. யாரோ பாடத் தொடங்க, மொழி தெரியாதவர்களும் ராகத்தில் சேர்ந்துகொண்டார்கள். "உம்முடைய மகிமையை எனக்குக் காண்பித்தருளும்" என்று மோசே கேட்ட ஜெபத்தை அங்கே நானும் சொன்னேன். அவருக்குக் கிடைத்த பதிலை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. என் முகத்தைக் காணமாட்டாய் என்று சொன்ன தேவன், அவரைக் கன்மலையின் வெடிப்பில் வைத்துத் தம் கரத்தினால் மூடினார். அந்த மறுப்பிலும் எத்தனை அன்பு!

இறங்கும் வழியில், உச்சிக்குச் சற்றுக் கீழே, எலியாவின் பெயரைத் தாங்கிய ஒரு பள்ளத்தாக்கு உண்டு. அங்கே உட்கார்ந்து 19-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். இதற்கு முந்தைய அதிகாரத்தில்தான் எலியாவின் ஜெபத்துக்குப் பதிலாகக் கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. ஜனங்கள் முகங்குப்புற விழுந்து கர்த்தரே தெய்வம் என்றார்கள். அந்த எலியாவின் கண்முன்னே இங்கேயும் அக்கினி வருகிறது. "அக்கினியிலும் கர்த்தர் இருக்கவில்லை" என்கிறது வசனம். அதற்குப் பின்புதான் அந்த மெல்லிய சத்தம். நேற்று வந்த விதமாகவே இன்றும் வாரும் என்று நாம் அவருக்கு வழி வகுத்துக் கொடுக்க முடியாது. கூட்டங்களில் பேரிரைச்சலையே பிரசன்னத்தின் அடையாளமாகக் கொள்ளும் நம் நாட்களில், இந்த அதிகாரத்தை முழங்காலில் நின்று வாசிக்க வேண்டும்.

"எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" மெல்லிய சத்தத்துக்கு முன்னும் பின்னும் இதே கேள்வி வருகிறது. எலியாவின் பதிலும் இரண்டு முறையும் ஒன்றேதான்: நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன். அத்தனையையும் கண்ட பிறகும் அவர் துக்கம் மாறவில்லை. கர்த்தர் அதற்காக அவரைத் தள்ளிவிடவில்லை. வந்த வழியே திரும்பிப் போகச் சொல்லி, அபிஷேகம் பண்ண வேண்டியவர்களின் பெயர்களைக் கொடுத்தார். பாகால் என்னும் அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத 7,000 பேர் உண்டு என்பதையும் தெரிவித்தார். சோர்ந்துபோன ஊழியருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் ஏது?

அடிவாரத்தில் புனித கேத்தரின் மடம். ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் கட்டியது. மோசே கண்ட செடி என்று துறவிகள் பேணும் முட்புதர், கல் மதிலுக்கு மேலாகப் பச்சைப்பசேலென்று தழைத்துத் தொங்குகிறது. ஆலயம் காலையில் சில மணி நேரமே திறந்திருக்கும், படம் எடுக்கக் கூடாது.

பலிபீடத்துக்கு மேலே அரைக்கோள விதானத்தில், கட்டடத்தின் வயதே ஆன மொசைக் ஓவியம்: மறுரூபமான இயேசு, அதாவது வேறொரு மலையில் சீஷர்களுக்கு முன்பாக முகம் சூரியனைப்போலப் பிரகாசித்த இயேசு. ஒருபுறம் எலியா, மறுபுறம் மோசே. அண்ணாந்து பார்த்ததும் கண்கள் நிறைந்தன. வெடிப்பில் மறைக்கப்பட்ட மோசேயும், மெல்லிய சத்தத்தைக் கேட்டுச் சால்வையால் முகத்தை மூடிக்கொண்ட எலியாவும், இங்கே மூடப்படாத அந்த முகத்தின் அருகில் நிற்கிறார்கள். கேட்ட ஜெபத்துக்கு எத்தனை நூற்றாண்டுகள் கழித்துப் பதில்!

இயேசுவின் பாதத்தருகே பேதுரு தரையில் கிடக்கிறார். இயேசு மறுரூபமானபோது, மூன்று கூடாரங்கள் போட்டு அந்த மலையிலேயே தங்கிவிடலாம் என்றவர் அவர். பிற்காலத்தில் தம் இரண்டாம் நிருபத்தில் அந்தப் பரிசுத்த பருவதத்தை நினைவுகூர்ந்த கையோடு, "அதிக உறுதியான தீர்க்கதரிசன வசனமும் நமக்கு உண்டு" என்று எழுதுகிறார். இருளுள்ள இடத்தில் பிரகாசிக்கிற விளக்கு என்கிறார் அந்த வசனத்தை. மகிமையைக் கண்ணாலேயே கண்டவர், காணாதவர்களின் கையில் வேதத்தைக் கொடுக்கிறார். எந்த மலையும் ஏற முடியாமல், படுக்கையில் கிடந்தபடி வேதம் வாசிக்கும் சிலர் அப்போது நினைவுக்கு வந்தார்கள். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபித்துவிட்டு, பஸ் புறப்படும் நேரமானதால் வெளியே வந்தேன்.