கவட்டு வலி: ஒரு கால்பந்து ஆட்டக்காரனின் நாட்குறிப்பு

மார்ச் 9, 2025
தும்மினால் வலிக்கிறது. கட்டிலை விட்டு எழும்போதும், பந்தை உள்காலால் தட்டும்போதும் வலது தொடையிடுக்குக்குச் சற்று மேலே அதே குத்தல். ஓய்வெடுத்தால் அடங்குகிறது, வியாசர்பாடி மைதானத்தில் முழு வேகத்தில் ஓடினால் அன்றே திரும்பி வருகிறது.

மார்ச் 18
விளையாட்டு மருத்துவர் அவசரப்படாமல் பார்த்தார். முழங்கால்களுக்கு நடுவே தன் கையை வைத்து இறுக்கச் சொன்னார், இடுப்பு மூட்டைச் சுழற்றினார், கவட்டில் விரல் வைத்து இருமச் சொன்னார். 2014இல் தோஹாவில் கூடிய நிபுணர்கள், இந்த வலி தொடையின் உள்தசையிலிருந்து வருகிறதா, இடுப்பை மடக்கும் தசையா, கவட்டுக் கால்வாயா (அடிவயிற்றுச் சுவரின் கீழ்ப்பகுதியில் உள்ள குறுகிய வழி), இடுப்பின் முன்பக்க நடு எலும்பா, இடுப்பு மூட்டா என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார்களாம். இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். எனக்குக் கால்வாயின் பின்சுவர் தளர்ந்திருக்கிறது (இதை ‘ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா’ என்பார்களாம்), உள்தசையும் கொஞ்சம் பலவீனம்.

கத்தியைப் பற்றி அவர் பேசவே இல்லை. முதலில் உடற்பயிற்சி. உள்தசை வலிக்கு அது எவ்வளவு வேலை செய்யும் என்பதை டென்மார்க்கின் ஹோல்மிச் குழு 1999லேயே காட்டிவிட்டது: பயிற்சி செய்த 29 பேரில் 23 பேர் வலியின்றி விளையாடத் திரும்பினார்கள், பயிற்சி இல்லாமல் மசாஜ், மின்சிகிச்சை போன்றவை பெற்ற 30 பேரில் 4 பேர்தான்.

ஜூன் 14
உள்தசை தேறிவிட்டது, இறுக்கினால் வலியே இல்லை. தும்மல் வலி மட்டும் அப்படியே. இனி அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்றார் மருத்துவர்.

அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. “வீக்கமே இல்லையேடா, எதுக்கு வயித்தக் கிழிக்கணும்?” வழக்கமான ஹெர்னியாவில் குடல் பிதுங்கும், இதில் எதுவும் வெளியே வராது, சுவர் மட்டும் அழுத்தத்தில் புடைத்து வலிக்கிறது என்று தாளில் வரைந்து காட்டினேன்.

பின்லாந்தின் பாயானென் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு எனக்குத் தைரியம் தந்தது. நாள்பட்ட கவட்டு வலி இருந்த 60 பேரில் பாதிப் பேருக்கு லேப்ராஸ்கோபியில் (சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை) சுவரைத் தாங்க ஒரு வலை வைத்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் 27 பேர் களத்தில் இருந்தார்கள். அறுவை செய்யாத 30 பேரில் 8 பேர்.

ஜூன் 27
கிரிக்கெட் வீரர் சூர்யகுமார் யாதவுக்கும் ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா அறுவை, ஜெர்மனியின் மியூனிக்கில். போன வருடம் கவட்டுப் பிரச்சினைக்காகச் சுழற்பந்து வீரர் குல்தீப் யாதவும் ஜெர்மனிக்குத்தான் போனார். பேப்பரைப் பார்த்த பிறகு அம்மா சரி என்றார்.

ஜூலை 10
முடிந்தது. மூன்று சிறு துளைகள், உள்ளே கொசுவலை மாதிரி ஒரு வலை. நடக்க விட்டார்கள். இருமும்போது தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 24
நேர்கோட்டில் ஓடுகிறேன். திடீரென்று திரும்புவதும் நீளமாக உதைப்பதும் அடுத்த கட்டம். தும்மினேன், ஒன்றும் இல்லை!

கோச் சாரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். துணைக்கு ஒருவர் காலைத் தாங்க, பக்கவாட்டில் கிடந்து உடலைத் தூக்கும் கோபன்ஹேகன் பயிற்சியை ஜூனியர் பசங்களுக்கு வார்ம்-அப்பில் சேர்க்கச் சொன்னேன். நார்வேயில் அணிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததில் கவட்டுப் பிரச்சினை 41 சதவீதம் குறைந்தது. திங்கட்கிழமை நானே சொல்லிக்கொடுக்கிறேன்.