தெற்குப் பாதி பாக்கி

12 பிப்ரவரி 2024

கலிஃபோர்னியாவின் சியரா மலைகளில் நடக்கத் தேவையான பெர்மிட் காலை 7 மணிக்குத்தான் இணையத்தில் திறக்கும், ஆனாலும் ஆறரைக்கே காபியோடு உட்கார்ந்துவிட்டேன். கிளம்பும் நாளுக்கு 6 மாதம் முன்பு 60 சதவீத இடங்கள், மீதி கடைசி 2 வாரத்தில். கிடைத்துவிட்டது! ஆகஸ்ட் 12, நார்த் லேக்கில் ஏறி, 11,423 அடி உயர பையூட் கணவாயைத் தாண்டி ஜான் மியூர் பாதையில் சேர்ந்து, விட்னி மலை வழியாக இறங்குகிறோம். மொத்தப் பாதை 211 மைல். யோசெமிட்டியிலிருந்து ஏறக்குறைய பாதியை 2022-இல் நானும் அக்காவும் நடந்தோம், போன வருடம் சியராவில் கொட்டிய பனியில் மீதியை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. உடனே அக்காவுக்கு போன் போட்டேன். "எவல்யூஷன் பள்ளத்தாக்கு வருதுல்ல? அதை விட்டுட்டுப் போறதா இருந்தா நான் வரலடா" என்றாள்.

3 ஏப்ரல்

பனி அளவெடுப்பு வந்துவிட்டது, கலிஃபோர்னியா முழுதும் சேர்த்து சராசரியில் 110 சதவீதம். அப்பாடா. எவல்யூஷன் ஓடையில் பாலம் கிடையாது, இறங்கித்தான் கடக்க வேண்டும், பனி உருகும் காலத்தில் அது ஆபத்தான இடம். ஆகஸ்டில் வடிந்திருக்கும். இருந்தாலும் காலையிலேயே கடப்பது என்று எழுதி வைத்துக்கொண்டேன், பகலில் உருகுவது சாயங்காலம்தான் கீழே வந்து சேரும். கணவாய்களும் அப்படியே, மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும், அதற்குள் மறுபக்கம் இறங்கிவிட வேண்டும்.

19 மே

வரைபடத்தைத் தரையில் விரித்து பென்சிலால் ராத்தங்கல் குறித்தோம். நான் ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் போட்டு வைத்திருந்தேன். அக்காவுக்கு 58 வயது, இறக்கத்தில் முட்டி வலிக்கும், அதை என்னிடம் சொல்லவே மாட்டாள், நானாகத்தான் கவனித்திருக்க வேண்டும். 14 ஆகக் குறைத்தோம். "ஓடிப்போய் எதைடா பார்க்கப் போற?" சரி, அப்படியென்றால் தபாலில் முன்பே அனுப்பும் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளும் மியூர் டிரெயில் ரான்ச்சிலிருந்து, கியர்சார்ஜ் கணவாய் வழியாக, கார் சாலை முடியும் ஆனியன் வேலி என்ற இடத்துக்கு இறங்கும்வரை 9 நாள், நடுவில் ஒரு கடைகூடக் கிடையாது. அங்கே மறுபடி சாமான் நிரப்பிக்கொண்டு, 13,153 அடி ஃபாரஸ்டர் கணவாய், அப்புறம் விட்னி. எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 19 நாள். விட்னி அடிவாரத்து லோன் பைன் ஊரிலிருந்து நார்த் லேக் பக்கத்து பிஷப்புக்கு பஸ் இருக்கிறது, கார் கவலை தீர்ந்தது.

7 ஜூலை

கரடி டப்பா, கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா. இந்த முழுப் பயணத்தையும் தீர்மானிப்பது இதுதான் என்று இன்றுதான் புரிந்தது. ஆளுக்கொன்று, 11.5 லிட்டர், காலி டப்பாவே ஒரு கிலோவுக்கு மேல். சாப்பாடு மட்டுமல்ல, வாசனை உள்ள எதுவும் ராத்திரி வெளியே இருக்கக் கூடாது.

சமையலறைத் தரையில் 9 நாள் சாப்பாட்டைப் பரப்பினோம்: வறுத்த ரவை, புளி அவல், உலர்த்திய சாம்பார் சாதம், பருப்புப் பொடி, கடலை மிட்டாய், நெய். முதல் தடவை 6 நாள்தான் உள்ளே போயிற்று. அக்கா எல்லாவற்றையும் வெளியே கொட்டி, ஒவ்வொரு பையிலும் ஊசியால் ஒரு ஓட்டை போட்டு, காற்று போகும்வரை உள்ளங்கையால் அழுத்தி, ஓட்டைமேல் டேப் ஒட்டினாள். அவல் பை செங்கல் மாதிரி ஆகிவிட்டது. முறுக்கை இடித்துப் பொடியாக்கி இடுக்குகளில் திணித்தாள். எட்டரை நாள். அப்போதுதான் ஜன்னல் ஓரத்தில் பற்பசையும் சன்ஸ்க்ரீனும் இருப்பதைப் பார்த்தேன். முதல் நாள் சாப்பாட்டை அன்றைக்கே தின்றுவிடுவோம், அது டப்பாவுக்குள் போக வேண்டியதில்லை என்று அக்கா கணக்குச் சொன்னாள். மூடி திருகிக்கொண்டது.

20 ஜூலை

ரான்ச்சுக்குப் போக வேண்டிய சாப்பாட்டு வாளியை இன்று தபாலில் சேர்த்தோம். ப்ளாரன்ஸ் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற இடம், மூன்று வாரம் முன்னதாகவே அனுப்பச் சொல்கிறார்கள். பையூட் ஓடைப் பாலத்திலிருந்து கொஞ்சம் வடக்கே திரும்பி நடந்து எடுத்துக்கொள்ள வேண்டும், பரவாயில்லை, அவ்வளவு வடக்கே பாதையில் சேர்வதால்தான் எவல்யூஷன் கைவிட்டுப் போகவில்லை. மூடிமேல் பெயரையும் ஆகஸ்ட் 14 என்ற தேதியையும் அக்கா மார்க்கரால் எழுதினாள். மழையில் அழிந்துவிடுமோ என்று மேலே அகலமான டேப்பை ஒட்டி, நகத்தால் நீவிவிட்டாள்.