அட்டையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள்

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அந்தப் படத்தின் விலை 18 பவுண்டு. கறுப்புச் சட்டம், கண்ணாடி, உள்ளே உயரத் தொப்பி அணிந்த ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். விக்டோரியா ராணி காலத்து ஆங்கிலப் பாட்டுத் தாள் ஒன்றின், அதாவது ஒரு பாட்டின் சொற்களையும் இசைக் குறிப்பையும் அச்சிட்ட தாளின், அட்டை அது. “இதற்குள் இருந்த பாட்டு எங்கே?” என்று கேட்டேன். கடைக்காரர் மேசைக்கு அடியில் கிடந்த பெட்டியைக் காலால் தள்ளிக் காட்டினார். “வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.”

இரண்டு பை நிறைய அள்ளிக்கொண்டு, கிழக்கு லண்டனில் நான் வசிக்கும் ஈஸ்ட் ஹாமுக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் கோபம் தணியவில்லை.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. பெரிய தாள் ஒன்றை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். முதல் பக்கம் அட்டை; பல தாள்களில் அதன் பின்பக்கத்திலேயே பாட்டு தொடங்கிவிடும். அட்டையை வெட்டி எடுப்பவர் பாட்டின் தலையையும் சேர்த்து வெட்டுகிறார். முகப்பு இசையும் முதல் சரணமும் சட்டத்துக்குள் சுவரைப் பார்த்தபடி அடைபட்டுவிடுகின்றன.

அந்த அட்டைகளின் அழகை நான் மறுக்கவில்லை. கல்லில் வரைந்து, வண்ணத்துக்கு ஒரு கல்லாக அச்சடித்தவை அவை. ஆல்ஃப்ரெட் கான்கனென் என்ற ஓவியர் ஜார்ஜ் லேபோர்ன் போன்ற மேடைப் பாடகர்களை அட்டைகளில் வரைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால், அந்த ஆள் வாய் திறக்கப் போகிறார் என்றே தோன்றும். ஆனாலும் தாளை வாங்கியவர்கள் வீட்டில் பியானோவின் மேல் வைத்துப் பாடத்தான் வாங்கினார்கள். ஒலிப்பதிவு பரவாத காலத்தில் ஒரு பாட்டு பிரபலமாகிறது என்றால், அதன் தாள் விற்கிறது என்றுதான் பொருள்.

வீட்டுக்கு வந்து தாள்களைத் தரையில் பரப்பியபோது என் கண், மேற்கத்திய இசையை எழுதும் ஐந்து கோடுகளுக்கு மேல் ஓடிய பொடி எழுத்துகளில் நின்றது. டி (d), ஆர், எம், எஃப், எஸ், எல், டி (t). டோ, ரே, மீ, ஃபா, சோ, லா, டீ என்பதன் சுருக்கம். மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் தலையில் ஒரு சிறு கோடு, கீழ் ஸ்தாயிக்குக் காலடியில் ஒரு கோடு. நம் பாட்டு நோட்டில் மேலும் கீழும் புள்ளி வைப்பதைப் போலவே! கும்பகோணத்தில் எட்டு வயதில் சரளி வரிசை எழுதிய நோட்டு அப்படியே கண்முன் வந்தது.

இந்த எழுத்துகளுக்கு என் வீட்டருகே ஒரு கதை உண்டு. இங்கிலாந்தின் நாரிச் நகரத்தில் ஆசிரியையாக இருந்த சாரா குளோவர், குழந்தைகள் கோடுகளைக் கண்டு மிரளாமல் பாட எழுத்து முறை ஒன்றை உருவாக்கி 1835-ல் வெளியிட்டார். அதை எடுத்துச் சீர்ப்படுத்திப் பரப்பியவர் ஜான் கர்வென் என்ற போதகர். 1844-லிருந்து அவர் பணியாற்றிய இடம் பிளாஸ்டோ. நான் காய்கறி வாங்கப் போகும் வழி! 1863-ல் இந்த எழுத்திசையை அச்சடிக்கவே அங்கே ஓர் அச்சகமும் தொடங்கினார். அவருடைய முறையில் ‘டோ’ ஓரிடத்தில் கட்டுப்பட்டதல்ல. பாடுபவரின் குரல் எங்கே நிற்கிறதோ அங்கே டோ. நம் ஆதார ஷட்ஜம், அதாவது பாடகர் தன் குரலுக்கேற்ப வைத்துக்கொள்ளும் ‘ஸ’, என்று சொன்னால் போதும், நமக்கு விளங்கிவிடும். தாழ்ந்த சுருதியான ஒரு கட்டையில் பாடுபவரும், உயர்ந்த சுருதியான ஐந்தரைக் கட்டையில் பாடுபவரும் அதே எழுத்தைப் பார்த்துப் பாடலாம்.

சோதித்துப் பார்க்க, ஹாரி டேக்கர் 1892-ல் எழுதிய சைக்கிள் பாட்டான ‘டெய்ஸி பெல்’லை எடுத்தேன். சுருதிப் பெட்டியை ஐந்தரையில் வைத்துப் பல்லவியைப் பாடினேன். “டெய்ஸி, டெய்ஸி” என்ற இடம் ப, க, ஸ என்று மேல் ஸ்தாயியிலிருந்து மத்திய ப வரை தாவித் தாவி இறங்குகிறது. அடுத்த அடி த நி ஸ, த ஸ ப. சுத்தமான சங்கராபரண ராகம். ஐந்து கோட்டு இசையை இன்றுவரை எனக்குத் திணறாமல் படிக்க வராது. அந்தப் பொடி எழுத்துகளால் பத்து நிமிடத்தில் பாட்டு வாய்க்கு வந்துவிட்டது. 130 ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையிலிருந்து வீடு திரும்பிய ஒரு பெண்ணுக்கும் இப்படித்தான் வந்திருக்கும்.

தாள்களின் விலையையும் சொல்ல வேண்டும். விக்டோரியா காலத்தில் அட்டையில் மூன்று, நான்கு ஷில்லிங் (அன்று ஒரு ஷில்லிங் என்பது பன்னிரண்டு பென்ஸ்) என்று அச்சடித்துப் பாதி விலைக்கு விற்பார்கள். அதுவும் ஏழைக்கு எட்டாத விலை. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டன் தெருக்களில் அதே பாட்டுகளின் திருட்டுப் பதிப்பு இரண்டு பென்ஸுக்குக் கிடைத்தது. அந்த வியாபாரத்தின் ‘மன்னர்’ என்று பெயர் வாங்கிய ஜேம்ஸ் வில்லெட்ஸ், 1904-ல் அரசுக் குழுவின் முன் வந்து, ஏழைகளுக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டாமா என்று வாதிட்டார். 1906-ல் அவருக்குத் தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு திருட்டுப் பதிப்புக்கு எதிரான சட்டமும் வந்தது. பாட்டு எழுதியவரின் வயிற்றில் அடித்தது தவறு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. என்றாலும் வில்லெட்ஸ் கேட்ட கேள்வியை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. பிறகு பதிப்பாளர்களே ஆறு பென்ஸ் தாள்களைக் கொண்டுவந்தார்கள் என்பதையும் பார்க்கிறேன்.

என் பையிலிருந்த தாள்களில் பென்சில் குறிகள் நிறைய. மூச்சு வாங்கும் இடத்தில் சிறு கீற்று, பியானோ விரல்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். ஒரு தாளில் இரண்டாவது சரணம் முழுவதும் அடிக்கப்பட்டிருக்கிறது. பாடியவருக்குப் பிடிக்கவில்லை போலும். அட்டையில் சிரிக்கும் தொப்பிக்காரரைவிட இந்தப் பென்சில் பிடித்த கையைத்தான் நான் சட்டம் போட்டு மாட்டுவேன்.

இப்போது அந்தக் கடைக்காரர் எனக்காகவே உள்தாள்களை எடுத்து வைக்கிறார். போன வாரம் தந்தவற்றில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. அட்டை இல்லை, முதல் பக்கம் இல்லை, பெயரும் இல்லை. பாட்டு நடு வரியில் தொடங்குகிறது. தாளின் அடியில் ஓர் எண் மட்டும் இருக்கிறது. அந்தக் காலத்தில் உலோகத் தகட்டில் இசையை இடம் வலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோலத் தட்டிப் பதிப்பார்கள். அந்தத் தகட்டின் எண் அது. பதிப்பாளர் பெயர் தெரிந்தால் அதைக் கொண்டு ஆண்டைக் கணிக்கலாம். பதிப்பாளர் பெயரும் அட்டையோடு போய்விட்டது.

எட்டு நாளாகப் பாடிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் பாடிக் காட்டினேன். தன் அம்மா முணுமுணுத்தது போல இருக்கிறது என்றார், சொற்கள் நினைவில்லை. உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ பழைய பாட்டு அட்டை சுவரில் தொங்கினால், ஒருமுறை கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே இசை இருந்தால், படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.